ரெப்போ இறங்கியும் தவணை இறங்கவில்லையா: எந்த வீட்டுக் கடன் யாருக்கு?

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் குறுகிய காலக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 6.50-இலிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்தது. ஏப்ரலில் 6.00, ஜூனில் ஒரே அடியாக 5.50, டிசம்பரில் 5.25. பத்து மாதத்தில் மொத்தம் 1.25 சதவீதம். அந்தப் பத்து மாதமும் தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான். "வட்டி குறைஞ்சிடுச்சுன்னு செய்தியில சொல்றாங்க, பேங்க்ல போய்க் கேட்டா உங்க கடனுக்கு இன்னும் வரலைங்கறாங்க. வேற இடத்துக்கு மாத்திடவா, இல்ல இப்படியே விட்டுடவா?"

எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பதில் இதற்குக் கிடையாது. ஒரே தெருவில், ஒரே தொகைக்குக் கடன் வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு அந்தக் குறைப்பு மூன்று மாதத்துக்குள் முழுதாக வந்துவிடும், இன்னொருவருக்கு ஒரு வருடம் கழித்துப் பாதியாக வரும். ரிசர்வ் வங்கி நமக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. நமக்குக் கொடுத்தவர் அந்தப் பணத்தை யாரிடம், என்ன வட்டிக்கு, எத்தனை காலத்துக்கு வாங்கி வைத்திருக்கிறாரோ அதன் வழியாகத்தான் எந்தக் குறைப்பும் நம் வீட்டுக்கு வர முடியும். அதாவது அவருடைய பேலன்ஸ் ஷீட் வழியாக. விளம்பரப் பலகையில் இருக்கும் வட்டியை மட்டும் பார்த்து 20 வருடக் கடனை எடுத்துவிட்டு அப்புறம் தவிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வேகம்: ரெப்போ மாறினால் உங்கள் வட்டி எத்தனை நாளில் மாறும்? இறங்கும்போது மட்டுமல்ல, ஏறும்போதும். இந்த இரண்டாவது பாதியைக் கடன் வாங்கும் நாளில் யாருமே கேட்பதில்லை.

அடுத்தது, வட்டியின் எந்தப் பகுதி யார் கையில் இருக்கிறது என்பது. ஃப்ளோட்டிங் வட்டி, அதாவது அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி, இரண்டு துண்டு: ஒரு அடிப்படை விகிதம், அதன் மேல் கொடுப்பவர் கூட்டும் ஸ்ப்ரெட் என்ற கூடுதல் சதவீதம். அடிப்படை விகிதத்தை வங்கியே கணக்குப் போட்டு அறிவிக்கிறதா, அல்லது அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம். மூன்றாவது, வெளியேறும் செலவு. நான்காவது, உங்கள் மாதச் சம்பளம் ஒரு திடீர் ஏற்றத்தைத் தாங்குமா என்பது. இதை வங்கியால் சொல்ல முடியாது, நீங்கள்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஐந்தாவது, கொடுப்பவரின் உடல்நிலை. மற்ற நான்குக்கும் அடியில் ஓடுவது இதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## வங்கியின் பணம் எங்கிருந்து வருகிறது

ஒரு சிறு கணக்கு. வங்கியிடம் மக்கள் போட்ட பணம் 100 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 ரூபாய் நடப்புக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும், மீதி 60 ஃபிக்சட் டெபாசிட்டில். ரிசர்வ் வங்கி ரெப்போவை 1 சதவீதம் குறைக்கிறது. அந்த 40 ரூபாய்க்கு வங்கி கொடுப்பதே 2.5, 3 சதவீதம்தான், நடப்புக் கணக்குக்கு அதுவும் இல்லை, அதில் கால் சதவீதத்துக்கு மேல் குறைக்க இடமில்லை. டெபாசிட் போட்டவரிடம் போய் "ரெப்போ குறைந்துவிட்டது, உங்கள் 7 சதவீதத்தையும் குறைத்துக்கொள்கிறோம்" என்று சொல்ல முடியாது. முதிர்வு வரும்வரை அது கையெழுத்துப் போட்ட வாக்கு. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 ரூபாய், முதிர்ந்து 0.8 சதவீதம் குறைவான வட்டியில் புதுப்பிக்கப்படுகிறது என்றே வைப்போம். 40 ரூபாயில் 10 பைசா, 20 ரூபாயில் 16 பைசா. ஒரு வருடம் முடிந்த பிறகும் வங்கிக்கு 100 ரூபாய்க்கு மிச்சமாவது 26 பைசாதான், ரெப்போ இறங்கியதோ ஒரு ரூபாய்.

இந்த 26 பைசாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை யார் நிரப்புவது என்பதுதான் இந்தியாவில் முப்பது வருடமாக நடக்கும் வட்டிவிகிதச் சண்டை. வங்கி நிரப்பினால் அதன் லாபம் குறையும். அது நிரப்ப மறுத்தால் நம் தவணை அப்படியே நிற்கும். வங்கிக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்துத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 8.2 சதவீதம் கிடைக்கும்போது வங்கி தன் டெபாசிட் வட்டியை எவ்வளவுதான் இறக்க முடியும்?

ரிசர்வ் வங்கிக்கும் இது தெரியும். அதனால்தான் 2025 ஜூனில் ரெப்போவைக் குறைத்ததோடு நிற்காமல் ரொக்க இருப்பு விகிதத்தையும் 4-இலிருந்து 3 சதவீதமாக, செப்டம்பர் தொடங்கி நான்கு தவணைகளில் இறக்கியது. வங்கிகள் வட்டியே இல்லாமல் ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்க வேண்டிய பணம் அது. அதில் ஏறக்குறைய 2.5 லட்சம் கோடி ரூபாய் விடுபட்டது. வட்டியைக் குறை என்று சொன்னால் மட்டும் போதாது, குறைப்பதற்கு பேலன்ஸ் ஷீட்டில் இடமும் கொடுக்க வேண்டும்.

இடம் கொடுத்தும் வேலை நடக்காத காலங்களும் உண்டு. 2015 ஜனவரியிலிருந்து 2017 ஆகஸ்டு வரை ரெப்போ 8-இலிருந்து 6 சதவீதத்துக்கு வந்தது. பழைய கடன்காரர்களுக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. அதே சமயத்தில், 2015-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளின் கணக்குப் புத்தகங்களைத் தோண்டிப் பார்த்ததில் மறைந்திருந்த வாராக்கடன்கள் வெளியே வந்தன. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன், கொடுத்த கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015-இல், பலவீனமான வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடிவாளம் போடும் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் போய், 2021 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி அதே பாதையில் போய் 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யவே பணம் போதாத வங்கி, மலிவாகக் கிடைத்த நிதியை முதலில் தன் காயத்துக்குத்தான் போட்டுக்கொள்ளும். உங்கள் தவணை அதன் பட்டியலில் கடைசியில் இருக்கும்.

2020-இல் இன்னொரு விதம் பார்த்தோம். பணத்துக்குப் பஞ்சமே இல்லை, கடன் கொடுக்கத்தான் பயம். ஏப்ரல் 15-ஆம் தேதி ஒரே நாளில் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடமே திருப்பிக் கொண்டுபோய் வைத்திருந்த தொகை 6.9 லட்சம் கோடி ரூபாய். இன்று நிலைமை எவ்வளவோ தேவலை, 2025 மார்ச்சில் வாராக்கடன் 2.3 சதவீதம்தான். ஆனால் 20 வருடக் கடன் எடுப்பவர் இன்றைய நிலைமையை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## ரெப்போவோடு கட்டிய வங்கிக் கடன்

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வணிக வங்கிகள் தனிநபர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் ஃப்ளோட்டிங் வட்டிக் கடன் எல்லாம் வெளி விகிதம் ஒன்றோடு, அதாவது வங்கிக்கு வெளியே முடிவாகும் ஒரு விகிதத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான வங்கிகள் ரெப்போவைத்தான் எடுத்துக்கொண்டன. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மேலே சொன்ன 26 பைசாப் பள்ளத்தை வங்கியின் தலையில் வைத்த ஏற்பாடு இது. வேகத்தில் இதற்கு இணை வேறு இல்லை. 30 லட்சம், 20 வருடம், 8.75 சதவீதத்தில் தவணை 26,511 ரூபாய். 1.25 சதவீதம் முழுதாக இறங்கி 7.50 ஆனால் 24,168. மாதம் 2,300 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

இப்போது மறுபக்கம். 2022 மே 4-ஆம் தேதி, கூட்டம் நடக்க வேண்டிய நாள்கூட இல்லை, ரிசர்வ் வங்கி திடீரென்று ரெப்போவை 4.00-இலிருந்து 4.40 ஆக்கியது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.50. ஒன்பது மாதத்தில் 2.50 சதவீதம். 2021-இல் 30 லட்சம் ரூபாயை 6.75 சதவீதத்தில், 20 வருடத்துக்கு எடுத்தவரின் தவணை 22,811 ரூபாய். அவருடைய வட்டி 9.25-க்குப் போகும்போது நிலுவை 29 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாத வட்டி மட்டும் 22,354. தவணையை மாற்றாமல் விட்டால் அசலில் கழிவது மாதம் 457 ரூபாய்! அதே தவணையில் கடனை முடிக்க 42 வருடம் ஆகும். 35 வயதில் வீடு வாங்கியவர் 78, 79 வயதில் முடிப்பார்.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பல இடங்களில் வங்கியின் கணினி தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனது, கடன்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் பெரிது. 2023 ஆகஸ்டு 18-ஆம் தேதி ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும், தவணை வட்டியைக்கூட ஈடுகட்டாத நிலை வரவே கூடாது என்று உத்தரவிட்டது. கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே எழுதிக் கொடுங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு ஸ்ப்ரெட். ரெப்போவை வங்கியால் தொட முடியாது. ஆனால் புதிதாக வருபவருக்கு என்ன ஸ்ப்ரெட் போடுவது என்பது வங்கியின் கையில். 2021-இல் வந்தவருக்கு ரெப்போ 4, ஸ்ப்ரெட் 2.75. வட்டி ஏறிய காலத்தில் வங்கிகளுக்குக் கடன் வட்டி உடனே ஏறியது, டெபாசிட் வட்டி மெதுவாக ஏறியது, லாப இடைவெளி விரிந்தது. அந்தத் தெம்பில், போட்டியில், 2023-இல் புதிதாக வந்தவர்களுக்கு ஸ்ப்ரெட்டை 2 சதவீதத்தை ஒட்டி இறக்கினார்கள். ஆக, புதியவர் 8.50 கட்ட, பழையவர் 9.25 கட்டிக்கொண்டிருந்தார். ரெப்போ இருவருக்கும் ஒன்றே. வாசல் வழியாக வெளியே அனுப்பிய பேலன்ஸ் ஷீட் ஸ்ப்ரெட் என்ற கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. இதே கதவு எதிர்த்திசையிலும் திறக்கும்: ரெப்போ வேகமாக இறங்கும் 2025 போன்ற வருடத்தில் லாபம் சுருங்கும் வங்கி, புதியவர்களுக்கு ஸ்ப்ரெட்டைக் கூட்டத்தான் பார்க்கும்.

உங்கள் கடனுக்குள் போடப்பட்ட ஸ்ப்ரெட்டை, உங்கள் கடன் தகுதி பெரிதாக மாறாதவரை, மூன்று வருடத்துக்கு வங்கி ஏற்றக் கூடாது. 2025 அக்டோபர் 1 முதல் அதற்கு முன்பே குறைத்துக்கொடுக்க வங்கிக்கு அனுமதி உண்டு. அனுமதிதான், கட்டாயம் இல்லை. கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

யாருக்கு நல்லது: மாதச் சம்பளம், இன்னும் பத்து வருடத்துக்கு மேல் பாக்கி, தவணை 20 சதவீதம் ஏறினாலும் வீடு நடக்கும் என்ற நிலை. இந்த மூன்றும் இருந்தால் நான் வேறெதையும் யோசிக்கச் சொல்ல மாட்டேன்.

## பழைய எம்சிஎல்ஆர், பேஸ் ரேட் கடனிலேயே இருப்பது

2010 ஜூலையிலிருந்து 2016 மார்ச் வரை கொடுக்கப்பட்டவை பேஸ் ரேட் கடன்கள். 2016 ஏப்ரலிலிருந்து 2019 செப்டம்பர் வரை எம்சிஎல்ஆர். இரண்டுமே வங்கி தன் செலவைத் தானே கணக்குப் போட்டு அறிவிக்கும் விகிதம்.

எம்சிஎல்ஆர் கொஞ்சம் மேல். இன்று புதிதாகப் பணம் திரட்டினால் என்ன செலவாகும், ரொக்க இருப்பால் என்ன நட்டம், நிர்வாகச் செலவு எவ்வளவு என்றெல்லாம் கூட்டி மாதாமாதம் அறிவிக்கிறார்கள். அதனால் வங்கி டெபாசிட் வட்டியை இறக்கும்வரை எம்சிஎல்ஆர் இறங்காது. டெபாசிட் கிடைக்காமல் வங்கிகள் அலைந்துகொண்டிருக்கும் காலத்தில் அது நடக்கவே நடக்காது. அதற்கு மேல் இன்னொரு பூட்டு: வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ஒரு வருட எம்சிஎல்ஆரோடு கட்டப்பட்டு, வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும். உங்கள் மாறும் மாதம் ஜனவரி என்றால் 2025 பிப்ரவரிக் குறைப்பின் பலன் உங்களிடம் வருவது 2026 ஜனவரியில்.

என் அத்தான் கதையைச் சொன்னால் புரியும். 2013-இல் ஒரு வங்கியில் பேஸ் ரேட்டில் எடுத்த கடன். தவணை ஒழுங்காகப் போகிறது, அவர் பாட்டுக்கு இருந்தார். 2021-இல் புதிதாக வருபவருக்கு 7-க்கும் கீழே கிடைத்துக்கொண்டிருந்தபோது அவர் 8.6 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தார். நிலுவை 18 லட்சம், வித்தியாசம் 1.7 சதவீதம், வருடத்துக்கு முப்பதாயிரம் ரூபாய். எட்டு வருடத்தில் ஒருவர்கூட "சார், உங்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது" என்று சொல்லவில்லை. நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டபோது, ஒரு படிவமும் கொஞ்சம் கட்டணமும்தான், ஒரே வாரத்தில் மாறிவிட்டது. அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது, அது அவர் பெண்ணின் கல்லூரிக் கட்டணம்.

இது ஒரு கிளையின் குற்றம் மட்டுமல்ல. 2017-இல் ஜனக் ராஜ் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த உள் ஆய்வுக் குழு, வங்கிகள் பேஸ் ரேட்டையும் எம்சிஎல்ஆரையும் கணக்கிடும் முறையையே தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டதைச் சுட்டிக்காட்டியது. வெளி விகிதத்துக்குப் போகச் சொன்னதும் அந்தக் குழுதான்.

ஆனால் எம்சிஎல்ஆரை முழுக்கத் திட்டவும் மாட்டேன். 2022-இல் ரெப்போ பாய்ந்து ஏறியபோது எம்சிஎல்ஆர் கடன்கள் மெதுவாகத்தான் ஏறின. பள்ளம் இரண்டு பக்கமும் பள்ளம்தான். இறங்கும்போது வஞ்சித்த அதே தாமதம் ஏறும்போது குடை பிடித்தது. அப்புறம், இன்னும் நாலைந்து வருடம்தான் பாக்கி என்றால் வட்டியின் பெரும்பகுதியை ஏற்கனவே கட்டிவிட்டீர்கள். 6 லட்சம் நிலுவை, 4 வருடம், 8.75-இலிருந்து 8.00 ஆனால் கடைசிவரை மிச்சமாவது மொத்தமே பத்தாயிரம் ரூபாய் போலத்தான். இதற்காக வேறு வங்கிக்கு மாற வேண்டாம். அதே வங்கிக்குள் சில ஆயிரத்தில் மாற்றித் தருகிறார்கள் என்றால் மட்டும் பாருங்கள்.

பேஸ் ரேட்டிலோ அதற்கும் முந்தைய பிபிஎல்ஆரிலோ இன்னும் பெரிய நிலுவையோடு இருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே கிளைக்குப் போங்கள்.

## வீட்டுவசதி நிதி நிறுவனம்

சென்னையில் இவற்றுக்கு வலுவான வேர் உண்டு. சுந்தரம் ஹோம், ரெப்கோ ஹோம் இரண்டுமே இங்கே தலைமையகம் கொண்டவை. கடை வைத்திருப்பவர், லாரி ஓட்டுபவர், வருமானவரிக் கணக்கு காட்டாத ஆனால் நாணயமாகச் சம்பாதிக்கும் தச்சர், இவர்களை வங்கி திருப்பி அனுப்பும்போது உட்காரவைத்து, கடைக்கே வந்து வியாபாரத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பவர்கள் இந்த நிறுவனங்கள்தான். அந்த வேலைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதற்காக அரை, ஒரு சதவீதம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

ஆனால் இவர்களிடம் சேமிப்புக் கணக்கு கிடையாது. அந்த மலிவான 40 ரூபாய் இவர்கள் பேலன்ஸ் ஷீட்டில் இல்லவே இல்லை. வங்கிகளிடம் கடன் வாங்கி, சந்தையில் கடன்பத்திரம் விற்று, தேசிய வீட்டுவசதி வங்கியின் மறுநிதி பெற்று, பெரும்பாலும் அதைத்தான் நமக்குக் கொடுக்கிறார்கள். வங்கியிடமிருந்து இவர்கள் வாங்கும் கடன் பெரும்பாலும் எம்சிஎல்ஆரில். ஆக, ரெப்போக் குறைப்பு முதலில் வங்கியின் டெபாசிட்டுக்குள் போய், எம்சிஎல்ஆராக வெளியே வந்து, நிறுவனத்தின் செலவுக்குள் போய், அதன் சொந்த அடிப்படை விகிதமாக மாறி, கடைசியாக உங்களிடம் வர வேண்டும். இரட்டைத் தாமதம். 2019-இன் வெளி விகித விதி இவர்களைக் கட்டாது.

சந்தை பயந்துவிட்டால் இன்னும் மோசம். 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த பெரிய நிதி நிறுவனமான ஐஎல்&எஃப்எஸ் கடனைத் திருப்பிக் கட்டாமல் விழுந்ததும், இந்த நிறுவனங்களின் கடன்பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போனது. 2019 ஜூனில் திவான் ஹவுசிங் என்ற வீட்டுவசதி நிறுவனமும் கடனைக் கட்டத் தவறியது. 2019 பிப்ரவரியிலிருந்து ரெப்போ இறங்கத் தொடங்கியும் பல நிறுவனங்களின் வட்டி இறங்காமல் போனது அதனால்தான். திவான் ஹவுசிங் பிறகு பிரமல் குழுமத்தின் கைக்குப் போனபோது வாடிக்கையாளர்களின் கடன்களும் கூடவே போயின. ஒருவேளை கொடுத்தவர் விழுந்தாலும் உங்கள் பத்திரமும் தவணையும் புதியவர் கைக்கு மாறும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வட்டிக்குத்தான்.

ஒளிந்திருக்கும் செலவு இன்னொன்றும் உண்டு. பழைய வாடிக்கையாளருக்குப் புதிய வட்டி வேண்டுமென்றால் மாற்றுக் கட்டணம் கேட்பார்கள். சதவீதமாகப் பார்த்தால் சிறியது, நிலுவை பெரியதென்றால் தொகை பெரியது. கட்டிவிட்டு அடுத்த குறைப்புக்கும் மறுபடி கட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை: வங்கி தராத இடத்தில் தயங்காமல் இங்கே எடுங்கள், ஆனால் இதை இரண்டு மூன்று வருட நிறுத்தமாக நினையுங்கள். அந்தக் காலத்தில் வருமானவரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்து, ஒரு தவணையும் தவறாமல் கட்டி, சிபில் மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டு வங்கிக்கு நகருங்கள். தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் வாங்கக் கூடாது, வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இது பொது விதி.

## நிலையான வட்டி

"ஃபிக்சட்" என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பாலானவை முதல் 2, 3 அல்லது 5 வருடத்துக்குத்தான் நிலையானவை, அப்புறம் ஃப்ளோட்டிங். முழுக் காலத்துக்கும் நிலையானது என்று சொல்லும் ஒப்பந்தத்திலும், சந்தை பெரிதாக மாறினால் வட்டியை மாற்றலாம் என்ற ஒரு வரி உள்ளே இருக்கக்கூடும். அந்த வரியைத் தேடிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

20 வருடம் நிலையாகக் கொடுக்க நம் வங்கிகள் தயங்குவதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. அவர்கள் வாங்கியிருப்பது ஒன்று, மூன்று வருட டெபாசிட். அதை வைத்து 20 வருடத்துக்கு ஒரே வட்டியில் கொடுத்தால் வட்டி ஏறும் நாளில் வங்கியே முழுகும். அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச் 10-ஆம் தேதி மூடப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்: எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய டெபாசிட்டை வைத்து, குறைந்த வட்டியில் நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தார்கள், வட்டி ஏறியதும் அந்தப் பத்திரங்களின் மதிப்பு சரிந்தது. அங்கே வீட்டுக் கடன் 30 வருட நிலை வட்டியில் கிடைக்கிறதென்றால், ஃபேனி மே, ஃப்ரெடி மேக் போன்ற அமைப்புகள் அந்தக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்வதால். நம்மிடம் அந்த அளவுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை, அதனால் அந்த ஆபத்தின் விலை உங்கள் வட்டியிலேயே ஏறியிருக்கும். முன்கூட்டி அடைத்தால் கட்டணமும் கேட்கலாம். ஃப்ளோட்டிங்கிலிருந்து நிலை வட்டிக்கு மாறும் வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2023-இல் இருந்தது, 2025 அக்டோபரிலிருந்து அது கொடுப்பவரின் விருப்பம்.

ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு, பெரியவர்களின் மருந்துச் செலவு, தவணை 3,000 ரூபாய் ஏறினாலும் ஏதோ ஒன்று நின்றுவிடும் என்ற நிலையில் இருப்பவர்கள், ரெப்போ ஏற்கனவே தாழ்ந்து கிடக்கும் காலத்தில் 5 வருட நிலை வட்டி கிடைத்தால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரெப்போ கடன் | பழைய எம்சிஎல்ஆர் | வீட்டுவசதி நிறுவனம் | நிலை வட்டி |
|---|---|---|---|---|
| இறங்கும் வேகம் | 3 மாதத்துக்குள் | ஒரு வருடம்வரை, பகுதியாக | மிக மெதுவாக | இறங்காது |
| ஏறும் வேகம் | அதே வேகம் | மெதுவாக | நிறுவனம் முடிவெடுப்பது | குறித்த காலம்வரை ஏறாது |
| அடிப்படை விகிதம் யார் கையில் | ரிசர்வ் வங்கி | வங்கி | நிறுவனம் | ஒப்பந்தம் |
| ஒளிந்த செலவு | பழைய ஸ்ப்ரெட், நீளும் காலம் | தாமதம், மாற்றுக் கட்டணம் | மாற்றுக் கட்டணம் | கூடுதல் வட்டி, முன்கூட்டி அடைக்கக் கட்டணம் |

## மாறுவது என்று முடிவெடுத்தால்

இரண்டு வகை மாற்றம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதே வங்கிக்குள் எம்சிஎல்ஆரிலிருந்து ரெப்போவுக்கோ, பழைய ஸ்ப்ரெட்டிலிருந்து புதியதற்கோ மாறுவது மலிவு, வேகம். முதலில் இதைக் கேளுங்கள். வேறு வங்கிக்குப் போவது வேறு கதை: ப்ராசஸிங் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், ஜிஎஸ்டி, தமிழ்நாட்டில் எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவுக்கு மறுபடி முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும், பழைய எம்ஓடியை ரத்து செய்ய ஒரு நடை. கூடவே சிலர் ஆயுள் காப்பீட்டையும் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இவ்வளவும் சேர்த்தும் லாபமாக வரும் இடங்கள் உண்டு. 25 லட்சம் நிலுவை, 16 வருடம் பாக்கி, 8.75-இலிருந்து 8.00 என்றால் தவணையில் மாதம் 1,100 ரூபாய், கடைசிவரை 2 லட்சத்துக்கும் மேல். இதற்கு அந்த நடையெல்லாம் நடக்கலாம். வித்தியாசம் கால் சதவீதம் மட்டுமே என்றால் வேறு வங்கியின் கடிதத்தை வாங்கிக்கொண்டு உங்கள் பழைய வங்கிக்கே போய் மேலாளரிடம் காட்டுங்கள். நல்ல வாடிக்கையாளரை இழப்பதைவிட ஸ்ப்ரெட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது அவர்களுக்கும் மலிவு, பல சமயம் அங்கேயே முடிந்துவிடும்.

போகும்போது மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: என் அடிப்படை விகிதம் எது, என் ஸ்ப்ரெட் எவ்வளவு, அடுத்து மாறும் தேதி எது. இந்த மூன்றும் தெரியாமல் எந்த ஒப்பீடும் நிற்காது. அப்புறம், வட்டி இறங்கியதும் தவணையைக் குறைத்துத் தரட்டுமா என்று கேட்டால், சமாளிக்க முடிகிறவர்கள் வேண்டாம், பழைய தவணையே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று சொல்லுங்கள். 30 லட்சத்துக்கு மாதம் அந்த 2,300 ரூபாய் நேராக அசலுக்குப் போகும். அடுத்த முறை ரெப்போ 2022 போல ஏறினால், நிலுவை குறைந்திருப்பதால் அந்த அடி கொஞ்சம் மெதுவாகத்தான் விழும். எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொண்டு, அடுத்த மாத அறிக்கையில் மீதித் தவணைகளின் எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.